அறுத்த பின் தெரியும் நோய்

பன்றியின் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பிலும் சிறுநீர்க் குழாயிலும் தங்கி வாழும் ஒரு புழு உண்டு. விலங்கு உயிரோடிருக்கும்வரை பெரும்பாலும் அது வெளியே தெரிவதில்லை. அறுத்த பின்னரே கண்ணில் படுகிறது. மனிதரை இந்நோய் தொற்றுவதில்லை என்பதனாலேயே ஆட்சியாளர்கள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வளர்ப்பவரின் வயிற்றில் இது அடிக்கிறது.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்புப்படி நாட்டில் சுமார் 90 லட்சம் பன்றிகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 21 லட்சம் அசாமில் மட்டும் உள்ளன. வடகிழக்கின் பழங்குடிக் குடும்பங்களில் இவை பெரிதும் பெண்களின் உழைப்பால் வளர்கின்றன. புழுவின் முட்டைகள் சிறுநீரோடு மண்ணில் விழுகின்றன. ஈரமண்ணில் பொரிந்த இளம்புழுக்கள் தீவனத்தோடும், மண்புழுவோடும், தோலைத் துளைத்தும் மீண்டும் பன்றியின் உடலில் நுழைகின்றன. மாதக்கணக்கில் கல்லீரலைச் சிதைக்கின்றன. தின்ற தீவனம் எடையாக மாறுவதில்லை. கெட்ட கல்லீரலும் விலை போவதில்லை.

இதற்கு வழி இல்லாமலில்லை. இளம்புழுக்கள் வெயிலையும் உலர்ச்சியையும் தாங்கா. உடலில் புகுந்த புழு முட்டையிடப் பெரும்பாலும் ஒன்பது மாதங்களுக்கு மேலாகும். ஆகவே முதிர்ந்த பன்றிகளை விலக்கி, பெண்பன்றியை முதல் ஈற்றோடு விற்றுவிட்டால் தொற்றின் சங்கிலி அறுபடும். ஆனால் ஏழைப் பெண்ணுக்குத் தாய்ப்பன்றிதான் சேமிப்பு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதன் குட்டிகளில் அடங்கியுள்ளன. அதனை விற்றுவிடு என்று அறிவுரை கூறுவது எளிது. ஈடு தருவது யார்?

அறுக்கும் இடத்தில் கால்நடை மருத்துவர் விலங்குகளைச் சோதிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் கூறுகின்றன. ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேல் சோதிக்கலாகாது என்றுகூட அவை வரையறுத்துள்ளன. ஆயினும் அவ்விதிகள் நகராட்சி எல்லையோடு நின்றுவிடுகின்றன. சந்தையோரத்திலும் வீட்டு முற்றத்திலும் அறுக்கப்படும் பன்றியை யார் சோதிக்கிறார்கள்? கண்டறியப்படாத நோய் கணக்கில் வராது; கணக்கில் வராத நோய்க்கு நிதியும் வராது.

எனவே ஊரகச் சந்தைகளில் மருத்துவருடன் கூடிய பொது இறைச்சிக்கூடங்கள் அமைக்கப்பட வேண்டும். அங்குக் காணப்படும் நோய் பற்றிய செய்தி பன்றி வந்த ஊருக்கே திரும்பிச் செல்ல வேண்டும். கொட்டிலுக்குச் சிமெண்டுத் தரை, இலவசப் புழுநீக்க மருந்து, விலக்கப்படும் தாய்ப்பன்றிக்கு ஈடு ஆகியவற்றை ஒன்றிய, மாநில அரசுகள் வழங்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல, உழைப்பவரின் உரிமைகள்.