மூன்றாம் வாயில்

ஊர்த் திருவிழாவை ஒட்டி நடைபெறும் விளையாட்டுப் பந்தயங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியூர்களிலிருந்து பெயர் பெற்ற குழுக்கள் வந்து இறங்கும். அப்பொழுது ஊர்ப் பெரியவர் ஒருவர், "நம் பிள்ளைகளும் ஆடட்டும், ஓர் இடம் கொடுங்கள்" என்பார். உடனே மற்றொருவர், "தகுதி இல்லாதவர்க்கு இடம் எதற்கு?" என்று கேட்பார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இண்டூர்த் திடலில் எழக்கூடிய இவ்வழக்கு, கடல் கடந்த டென்னிஸ் அரங்குகளிலும் ஆண்டுதோறும் எழுகின்றது.

டென்னிஸ் போட்டியில் ஆடுவோரை உலகத் தரவரிசையைக் கொண்டு தேர்ந்தெடுப்பர். முன்னணியில் நிற்பவர் நேரே இடம் பெறுவர். இது முதல் வாயில். பின்தங்கியவர் தகுதிச் சுற்றுகளில் வென்று நுழைவர். இஃது இரண்டாம் வாயில். இவ்விரண்டும் அல்லாமல், போட்டியை நடத்துவோரே சிலரை அழைத்து இடம் அளிப்பதும் உண்டு. இதனை 'வைல்டு கார்டு' என்பர். நாம் தனி அழைப்பு எனலாம். இதுவே மூன்றாம் வாயில். 28 பேர் ஆடும் சிறு போட்டிகளில் இவ்வாறு 3 பேரை அழைக்கலாம். 128 பேர் ஆடும் விம்பிள்டன் போட்டியில் 8 பேர் வரை அழைக்கலாம். பெரும்பாலும் இவ்விடங்கள் அந்தந்த நாட்டு இளைஞர்க்கே கிடைக்கின்றன.

இது முறையோ என்று சிலர் வினவுவர். ஒருவனுக்கு இடம் கொடுத்தால், அவனினும் தரவரிசையில் உயர்ந்த வேறொருவன் அவ்விடத்தை இழக்கின்றான் அல்லவா? உண்மைதான். ஆயின், அத்தரவரிசை எவ்வாறு அமைகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். போட்டிகளில் வென்றால்தான் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் இருந்தால்தான் போட்டிகளில் இடம் கிடைக்கும். நாடு விட்டு நாடு சென்று ஆடப் பொருள் வேண்டும். பொருள் உடையவன் பத்து ஊர்களில் தோற்றுப் பதினோராம் ஊரில் வெல்லலாம். பொருள் இல்லாதவனுக்கு முதல் ஊருக்குச் செல்வதே அரிது. ஆதலின், தரவரிசை ஆற்றலை அளக்கும் அளவுகோலாயினும், அதில் வசதியின் நிழலும் படிந்திருக்கின்றது. அந்நிழலைச் சிறிதேனும் விலக்குவதற்கே மூன்றாம் வாயில் வேண்டும் என்பது என் கருத்து.

நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. தமிழகம் ஈன்ற டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணன் பள்ளிச் சிறுவராக இருந்த காலத்தில், சென்னை இலயோலாக் கல்லூரியில் பெர்ட்ரம் போட்டி நடைபெற்றது. கல்லூரி மாணவர் மட்டுமே அதில் ஆடலாம் என்பது விதி. கல்லூரி முதல்வரிடம் தனி இசைவு பெற்று ஆடிய அச்சிறுவர், 1951-இல் தம்மினும் மூத்தோரை வென்று வாகை சூடினார். மூன்றே ஆண்டுகளில், 1954-இல், விம்பிள்டன் இளையோர் போட்டியில் வெற்றி பெற்றார். அவ்வெற்றியை அடைந்த முதல் ஆசியர் அவரே. 1960-லும் 1961-லும் விம்பிள்டனில் அரை இறுதிவரை முன்னேறினார். அன்று விதியைச் சற்றே தளர்த்திய ஒருவரின் பரந்த உள்ளம், ஒரு நாட்டின் புகழுக்கு வித்தாயிற்று.

1997 முதல் 2017 வரை சென்னையில் ஆடவர்க்கான உலகப் போட்டி ஆண்டுதோறும் நடைபெற்றது. 2009-இல் அங்குத் தனி அழைப்புப் பெற்றவருள் சோம்தேவ் தேவ்வர்மன் ஒருவர். தரவரிசையில் 200 பேருக்கும் பின்னால் நின்ற அவர், முன்னர் உலகின் முதலிடத்தில் இருந்த கார்லோஸ் மோயாவை வென்று, இறுதி ஆட்டம் வரை சென்றார். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த மகளிர் போட்டியில், கோயம்புத்தூரைச் சேர்ந்த மாயா இராஜேஸ்வரன் என்னும் 15 வயதுச் சிறுமி தகுதிச் சுற்றில் ஆடத் தனி அழைப்புப் பெற்று, அரை இறுதிவரை முன்னேறினார். உங்கள் வயதினர் ஒருவரின் செயல் இது என்பதை மறவாதீர்கள்.

எனினும், அழைப்பு வேறு, வெற்றி வேறு. 2001-இல் குரோவாசிய நாட்டுக் கோரான் இவானிசெவிச் தரவரிசையில் 125-ஆம் இடத்தில் இருந்தார். முன்பு மும்முறை இறுதியில் தோற்றவர் என்பதை எண்ணி, விம்பிள்டன் நடத்துவோர் அவரை அழைத்தனர். அரை இறுதியில் அவரை எதிர்த்தவர் இங்கிலாந்து மக்களின் நம்பிக்கையாக விளங்கிய டிம் ஹென்மன். நாடு முழுவதும் ஹென்மனை வாழ்த்தியது. மழையால் மூன்று நாள் நீண்ட அவ்வாட்டத்தில் இவானிசெவிச்சே வென்றார். இறுதியிலும் வென்று கோப்பையைப் பெற்றார். ஊராரின் அன்பு வீரனுக்கு ஊக்கம் தரும். அவனுக்காகப் பந்தை அடித்துத் தராது.

அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் நடைபெற்ற சிறிய புல்தரைப் போட்டியும் இதனையே உணர்த்துகின்றது. புல்தரையில் பந்து தாழ்ந்து விரைந்து வரும். எண்ணித் தயங்குவோர்க்கு அங்கு இடமில்லை. அங்கே சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1976, 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடினார். 1976-லும் 1984-லும் இறுதியில் அவரிடம் தோற்றவர் அமெரிக்க வீரரே. 1998-இல் லியாண்டர் பயஸ் அங்கு வென்றார்; 2018-இல் சென்னை இராம்குமார் இராமநாதன் இறுதிவரை சென்றார். அந்நாட்டவர் தம் பிள்ளைகள் வெல்ல வேண்டும் என்று விரும்பியிருப்பர். ஆயினும், தொலைவிலிருந்து வந்தவர் வென்றபோது கோப்பையை அவரிடமே அளித்தனர். நுழைவில் சலுகை காட்டலாம்; முடிவில் காட்டலாகாது.

மூன்றாம் வாயிலுக்குக் காவலும் வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூர் மக்கள், ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் பொறித்தனர். கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இன்று தனி அழைப்பு அளிப்போரும் யாரை, எக்காரணத்தால் அழைத்தோம் என்பதை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். செல்வர் மகனுக்கும் வேண்டியவர் மகளுக்கும் அவ்வாயில் திறக்குமாயின், அது வாய்ப்பு ஆகாது, வஞ்சனையே ஆகும். நான்கு பெரும் போட்டிகளை நடத்தும் நாடுகள் தனி அழைப்புகளைப் பெரும்பாலும் தம்மவர்க்கே வழங்குவதும், அவற்றுட் சில தமக்குள் அவற்றைப் பரிமாறிக்கொள்வதும் இக்குறையின் பாற்பட்டனவே. போட்டிகள் நடவாத நாட்டுப் பிள்ளைகள் எவ்வாயிலில் நிற்பர்?

தருமபுரி மாவட்டம் மானாவாரி நிலம் மிகுந்தது. மழையை நம்பிக் கேழ்வரகு விதைக்கும் உழவர்க்கு ஓர் உண்மை தெரியும். மழை ஒருநாள் வரும். அன்று நிலம் உழுது ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தனி அழைப்பும் அம்மழை போன்றதே. இண்டூரில் படிக்கும் ஒரு மாணவியோ மாணவனோ நாளை எத்துறையிலும் அவ்வாறு அழைக்கப்படலாம். அவர்களுக்குத் திடலும் கருவியும் ஆசிரியரும் அமைத்துத் தருவது சமுதாயத்தின் பொறுப்பு. அவை இன்றி வாயிலை மட்டும் திறந்துவைப்பதில் பயனில்லை. அழைப்பு வரும்வரை நாள்தோறும் பயில்வது உங்கள் பொறுப்பு. வாய்ப்பைப் பெற்றவர், தாம் வளர்ந்த பின் தமக்குப் பின்னால் நிற்பவர்க்கும் அவ்வாயிலைத் திறந்துவைத்தல் வேண்டும். அதுவே அவர் செலுத்த வேண்டிய நன்றி.