கண் திருஷ்டி யாருக்கு?



நமது நாட்டில் ஒருவர் கட்டிடம் கட்ட ஆரம்பித்தால், செங்கல் வந்து இறங்குகிறதோ இல்லையோ, திருஷ்டி பொம்மை முதலில் வந்துவிடுகிறது. பழைய சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, பானையைத் தலையாகக் கவிழ்த்து, கோரைப் பல்லும் உருட்டு விழியும் எழுதி, சாரத்தின் மேல் கட்டித் தொங்கவிட்டு விடுகிறார்கள். அது போதாதென்று ஒரு பூசணிக்காய். அதற்கும் ஒரு மீசை. இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், தெருவில் போகிறவர்கள் கண் பட்டுக் கட்டிடம் கெட்டுப் போகாமல் இருப்பதற்காம்!

நாம் ஒன்று கேட்கிறோம். தெருவில் போகிறவன் கண் பட்டதால் சுவர் வெடித்தது, தளம் ஒழுகியது என்று எந்த இஞ்சினீயராவது இதுவரை கணக்கெழுதிக் காட்டியிருக்கிறாரா? கிடையாது. சிமெண்ட் குறைந்தால் சுவர் வெடிக்கும். கம்பி குறைந்தால் தளம் இறங்கும். இதற்குக் கண் என்ன செய்யும்? ஆனால் கட்டிடத்தினால் தெருவில் இருப்பவர்களுடைய கண் கெடுவதை மட்டும் நாம் நம் கண்ணாலேயே, அதுவும் எரிகிற கண்ணாலேயே, பார்க்கிறோம். அப்படியிருக்க, பொம்மை கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் கட்டுகிறவர்களா, பக்கத்தில் குடியிருக்கிறவர்களா?

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த சமாச்சாரத்தை வைத்தே சொல்லுகிறோம்.

நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு கனவான் நான்கு அடுக்கில் ஒரு கட்டிடம் எழுப்பி வருகிறார். பூமி பூஜை வெகு விமரிசையாக நடந்தது. தெருவாருக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. மேல்தளம் முடிந்தவுடன், மழைக்கு ஒழுகாமலிருக்கத் தார் பூச ஆரம்பித்தார்கள். மூன்று கல்லைக் கூட்டி, தார் டிரம்மை அதன்மேல் வைத்து, கீழே நெருப்பு மூட்டினார்கள். விறகு விலை அதிகமென்று பழைய டயர்த் துண்டுகள், வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் குழாய்கள், காலி சிமெண்ட் சாக்குகள் எல்லாம் அடுப்பிற்குள் போயின. காலை பத்து மணிக்குக் கிளம்பிய கரும்புகை விளக்கு வைக்கிற வரையில் தெருவை விட்டுப் போகவில்லை. இப்படிப் பத்து நாள்.

கொடியில் உலர்த்திய வேஷ்டியில் கரி படிந்தது. கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். எங்கள் வீட்டிற்கு மூன்றாவது வீட்டில் ஏழு வயதுப் பையன் ஒருவன். அவனுக்கு முன்னமே இளைப்பு உண்டு. நான்கு இரவு அவன் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

இந்த நிலையில் தெருப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் “கலிகாலம் அப்படித்தான் இருக்கும்” என்றார். இன்னொருவர் பையனுடைய ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போய், சனி பார்க்கிறான் என்று கேட்டு வந்தார். புகையைக் கட்டிட முதலாளி அனுப்புகிறார். பழியைச் சனி ஏற்றுக்கொள்ளுகிறது! மூன்றாமவர் தெருவுக்கே தோஷம் பிடித்துவிட்டதென்று சொல்லி, வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூல் செய்து, ஒரு புரோகிதரை அழைத்து ஹோமம் நடத்தினார். அந்தப் பையனையும் ஹோம குண்டத்திற்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். தார்ப் புகையோடு நெய்ப் புகையும் சமித்துப் புகையும் சேர்ந்தன. புகைக்குப் புகையே மருந்து என்று எந்த வைத்திய நூலில் எழுதியிருக்கிறது? அன்று இரவு பையனை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. பிழைத்து வந்தான். “ஹோமம் செய்ததால்தான் பிழைத்தான்” என்று புரோகிதர் சொன்னார். பிராணவாயு வைத்த டாக்டருக்கு அந்தப் புகழில் ஒரு காலணாகூடப் பங்கு கிடைக்கவில்லை.

நிற்க. இந்தப் புகை தோஷமா, சனியா, வேறென்ன என்று பார்ப்போம்.

டயருக்குக் கந்தகம் கலந்துதான் ரப்பரைப் பதப்படுத்துகிறார்கள். அதைக் கொளுத்தினால் கந்தகப் புகைதான் வரும். சாம்பிராணி வாசனை வராது. பி.வி.சி. குழாயில் குளோரின் இருக்கிறது. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு கிளம்பி, கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. கண் எரிவதற்குக் காரணம் இதுதான். தாரை அளவுக்கு மேல் காய்ச்சினால் அதிலிருந்தும் ஆவியும் புகையும் அதிகமாகும். இளைப்பு உள்ளவனுடைய மூச்சுக்குழாய் இவை பட்டவுடன் சுருங்கிக்கொள்ளும். இதில் சனிக்கு எங்கே வேலை?

புகையும் கரியும் மனிதனைத் தின்னும் என்பது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1775-ஆம் வருஷத்திலேயே லண்டனில் பெர்சிவல் பாட் என்ற ரணவைத்தியர், புகைபோக்கி துடைக்கும் ஏழைகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரிதான் காரணமென்று எழுதினார். 1915-இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற இருவர் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காகத் தடவித் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். இன்று நாம் தார் என்று சொல்லுவது பெரும்பாலும் நிலக்கரித் தார் அல்ல, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பிட்டுமென். அதையும் சும்மா விட்டுவிடவில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2011-இல் ஆராய்ந்து, கூரைக்குப் பூசும் பதப்படுத்திய பிட்டுமென் வேலையில் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்பதற்கு வலுவான இடமிருக்கிறதென்றும், சாலை போடும் வேலையில் அதைவிடக் குறைந்த அளவில் அந்தச் சந்தேகம் இருக்கிறதென்றும் முடிவு சொன்னது.

இந்த முடிவு யாரைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்வீட்டில் இருக்கும் நம்மைப் பற்றியது அல்ல. டிரம்மிற்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்கிற கூலியாளைப் பற்றியது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருவார் ஜோசியத்திலும் ஹோமத்திலும் பலன் காணாத பிறகு கோபத்தை யார் மேல் காட்டினார்கள்? முதலாளியின் மேலா? அவரைக் கண்டால் துண்டைத் தோளிலிருந்து இறக்குகிறவர்கள் அவர்கள். தார் கிண்டுகிற ஆண்களையும் சித்தாள் பெண்களையும் சூழ்ந்துகொண்டு, வாயில் வரக்கூடாத வார்த்தைகளைச் சொல்லி, சாதியையும் இழுத்துத் திட்டினார்கள். நான் போய்ச் சேருவதற்குள் பாதி திட்டு முடிந்துவிட்டது.

அப்போது ஒரு சித்தாள் அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்களத் திட்டி என்னங்க ஆகப்போகுது? மேஸ்திரி டயரக் குடுத்தா டயரப் போடுறோம், வெறகக் குடுத்தா வெறகப் போடுறோம். எம் புள்ளையும் இங்கனதானே தூங்குது.”

திரும்பிப் பார்த்தோம். டிரம்மிற்கு இருபதடி தூரத்தில், சாரக் கம்பில் கட்டிய சேலைத் தூளியில், ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளாக எங்கள் பையனுக்கு வந்த கஷ்டத்தைப் பேசிய தெருவில் ஒருவர் கண்ணிலும் அந்தத் தூளி படவில்லை. திருஷ்டி பொம்மை மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தது! தோழர்களே, இதுவல்லவா நம் நாட்டுக் கண் கோளாறு? மேலே இருப்பவனைப் பார்க்கப் பயம். கீழே இருப்பவனைப் பார்க்க மனமில்லை. இல்லாத பேயைப் பார்க்க மட்டும் இரண்டு கண்ணும் போதவில்லை.

சில பேர் கேட்பார்கள், “அப்படியானால் ஊரில் கட்டிடமே வேண்டாமா? முன்னேற்றம் பேசுகிற நீங்களே தடுக்கலாமா?” என்று. நாம் கட்டிடத்தைத் தடுக்கவில்லை. தாரைக் காய்ச்சாமலேயே, தண்ணீரில் கலந்த குழம்பாகச் செய்து குளிர்ந்தபடியே பூசும் முறை இன்று இருக்கிறது. காய்ச்சித்தான் ஆகவேண்டுமானால் மூடிய கொப்பரையும், சூட்டை அளக்கும் கருவியும், நல்ல எரிபொருளும் இருக்கின்றன. டயரைக் கொளுத்துவது விஞ்ஞானமும் அல்ல, முன்னேற்றமும் அல்ல. அது ஒருவர் பையில் சில நூறு ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்திற்கு ஊரார் நெஞ்சு விலையாகப் போகிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஜனங்களின் சுகத்திற்குக் கேடாகக் காற்றைக் கெடுப்பது குற்றமென்று 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்திலேயே 278-ஆவது பிரிவு இருந்தது. அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 280-ஆவது பிரிவாகி, அபராதம் ஆயிரம் ரூபாய் வரை ஆகியிருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்களில் நம் நெஞ்சுக்கு ஏறிய விலை இவ்வளவுதான்! ஆனால் இதைவிடக் கூர்மையான ஆயுதம் வேறொன்று இருக்கிறது. பொதுஜனங்களுக்குத் தொல்லையானதை நீக்கும்படி நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆவது பிரிவு; இப்போது 152-ஆவது பிரிவு. நம் பக்கத்தில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் போதும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில், திறந்த சாக்கடையும் சாராய ஆலையின் நாற்றக் கழிவும் தெருவில் ஓடுவதைச் சகிக்காத சாதாரணக் குடிகள் இந்தப் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். செஷன்ஸ் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது; ஹைகோர்ட்டு மீண்டும் நிலைநாட்டியது. முனிசிபாலிட்டி பணமில்லையென்று சொல்லிக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர், பணமில்லை என்பது ஒரு சமாதானமாகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் கோடீஸ்வரர்களும் அல்ல, வக்கீல்களும் அல்ல. அவர்களிடம் இருந்தது இரண்டு: தொல்லைக்கு ஒரு காரணம் உண்டு என்ற அறிவு, அதைச் சேர்ந்து கேட்கும் துணிவு.

எங்கள் தெருவிலும் கடைசியில் அதையே செய்தோம். எந்த நாள், எத்தனை மணி, என்ன கொளுத்தினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினோம். கைபேசியில் படம் எடுத்தோம். பையனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டைச் சேர்த்தோம். அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஹோமத்திற்கு வசூல் செய்த பெரியவரும் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டோம், அவருக்கும் மூச்சு ஒன்றுதானே! மனுவில், தார் வேலை செய்கிறவர்களுக்கு முகமூடி, கையுறை, குழந்தைகளை விட ஒரு நிழலிடம் வேண்டுமென்றும் எழுதினோம். இது நமக்கெதற்கு என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். அந்தத் தூளியைக் காட்டினோம்; அடங்கினார்கள்.

கோட்டாட்சியர் ஆபீஸிலும் மாசுக் கட்டுப்பாடு வாரியத்திலும் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிய நான்காம் நாள், டயரும் பிளாஸ்டிக்கும் அடுப்பை விட்டுப் போயின. ஒரு வாரத்தில் மூடிய கொப்பரை வந்தது. முகமூடி இன்னும் வரவில்லை. அதற்காக இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பையனுக்கு இளைப்பு அடியோடு போய்விடவில்லை, ஆனால் இரவில் படுத்துத் தூங்குகிறான்.

முடிவாக, நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹோமத்தையும் பொம்மையையும் பார்த்து நாம் முதல் ஒன்பது நாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். புரோகிதரைப் பரிகாசம் செய்துவிட்டு வீட்டிற்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அந்த ஒன்பது நாளும் பையன் மூச்சு வாங்கினான். மூடநம்பிக்கையால் சும்மா இருந்தவனுக்கும், பகுத்தறிவு பேசிக்கொண்டு சும்மா இருந்தவனுக்கும் அந்தப் பையன் வரையில் என்ன வித்தியாசம்? காரணத்தைத் தெரிந்துகொண்டவனுக்குத்தான் அதை நீக்கும் பொறுப்பு முதலில் வருகிறது.

ஆகவே, உங்கள் தெருவில் புகை எழுந்தால் ஜாதகத்தைத் தேடாதீர்கள். புகை கிளம்பும் இடத்திற்குப் போங்கள். அங்கே நிற்கிற கூலியாளிடம் மரியாதையாகப் பேசுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து மனு எழுதுங்கள். பொம்மை அதன் பாட்டுக்குச் சாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கட்டும். கட்டிடம் முடிந்தால் அதை அவர்களே அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.