மனித வியாபாரச் சட்டமும் பொதுஜன அபிப்பிராயமும்

மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் தடுப்பதற்கென்று இந்திய சர்க்காரின் பெண்கள், குழந்தைகள் நல இலாகாவானது 2021ஆம் வருஷம் ஜூன் மாதம் 30ஆம் தேதி ஒரு மசோதாவை வெளியிட்டு, அதன் மீது பொதுஜனங்கள் தங்கள் அபிப்பிராயத்தை ஜூலை 14ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டுமென்று கேட்டுக் கொண்டது. மசோதா இருந்தது இங்கிலீஷில். கொடுத்த தவணை 14 நாள். இதற்கு முன் 2018இல் லோக்சபையில் நிறைவேறிய மற்றொரு மசோதா, ராஜ்யசபையில் நிறைவேறாமல், 2019இல் சபை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது. 2021 மசோதாவும் சட்டமாகவில்லை. ஆகவே, இன்றில்லாவிட்டால் நாளை மறுபடியும் ஒரு மசோதா வரத்தான் போகின்றது. மறுபடியும் அபிப்பிராயம் கேட்கத்தான் போகின்றார்கள். அப்பொழுது யாரைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை இப்பொழுதே பேசி வைத்துக் கொள்ளுவது நலம் என்று கருதியே இதை எழுதுகின்றோம்.

முதலாவது, "பொதுஜனங்கள்" என்பது யார் என்று கேட்கின்றோம். மனித வியாபாரத்தில் விற்கப்படுகின்றவன் யார்? பத்தாயிரமோ இருபதாயிரமோ முன்பணம் வாங்கி, பெண்டு பிள்ளைகளோடு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போய், கடன் தீரவில்லை என்று வெளியேற முடியாமல் கிடக்கின்ற இருளர் அல்லவா? மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு நூல் ஆலையில் வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று ஏஜெண்டு சொன்னதை நம்பிப் போன ஏழைப் பெண் அல்லவா? அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் "சுமங்கலித் திட்டம்"! பெண்ணின் உழைப்பைத் திருடுவதற்குக் கூட ஒரு தாலியின் மறைவு வேண்டியிருந்தது பாருங்கள். இவர்களில் எத்தனை பேர் இங்கிலீஷ் மசோதாவைப் படித்து, 14 நாளைக்குள் டில்லிக்குப் பதில் எழுத முடியும்?

கல்யாணத்தில் புரோகிதர் சொல்லும் மந்திரம் மாப்பிள்ளைக்கும் விளங்குவதில்லை, பெண்ணுக்கும் விளங்குவதில்லை. ஆனாலும், "எல்லாம் சாஸ்திரோக்தமாய் நடந்தது" என்று பந்தலில் இருக்கின்ற அத்தனை பேரும் சாட்சி. அதுபோலவே, யாருக்காகச் சட்டம் செய்வதாகச் சொல்லுகின்றார்களோ அவர்களுக்கு விளங்காத பாஷையில் கேட்டுவிட்டு, "பொதுஜன அபிப்பிராயம் கேட்டாகிவிட்டது" என்று சொல்லுவதானால், இதற்கும் அந்தச் சடங்குக்கும் என்ன வித்தியாசம்?

இது ஏதோ நமது வீண் குற்றச்சாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். சர்க்காரே 2014ஆம் வருஷம் ஏற்படுத்திக் கொண்ட விதி இருக்கின்றது. மசோதாவை வெளியிட்டுக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும்; விஷயத்தை எளிய நடையில் விளக்க வேண்டும்; ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரைப் பாதிக்கும் சட்டமானால் அது அவர்களுக்குப் போய்ச் சேரும் வழியில் விளம்பரப்படுத்த வேண்டும்; வந்த அபிப்பிராயங்களின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்பவைகளெல்லாம் அதில் கண்டிருக்கின்றன. தான் வைத்த கணக்கில் பாதி நாளைக்கூடத் தான் கொடுக்காத சர்க்கார், ஏழையைப் பார்த்து, "உன் அபிப்பிராயம் ஏன் வரவில்லை?" என்று கேட்க என்ன யோக்கியதை இருக்கின்றது? 2020இல் சுற்றுச்சூழல் சம்பந்தமான ஒரு வரைவை 22 பாஷைகளில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று டில்லி ஹைகோர்ட்டே உத்தரவு போட்டது. காட்டைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் ஜனங்களின் பாஷையில் கேட்க வேண்டுமானால், மனிதனைப் பற்றி மாத்திரம் கேட்கக் கூடாதா?

நிற்க, "படிப்பில்லாதவனுக்குச் சட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று சில மேதாவிகள் கேட்கக்கூடும். என்ன தெரியும் என்பதைச் சொல்லுகின்றோம். கொத்தடிமை முறை 1976ஆம் வருஷச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டதாகப் புத்தகம் சொல்லுகின்றது. அதற்கு வெகு காலத்திற்கு முன்பே அரசியல் சட்டத்தின் 23ஆவது விதி மனித வியாபாரத்தையும் கட்டாய வேலையையும் தடுத்துவிட்டது. ஆனால், விடுதலைச் சான்று கையில் கிடைப்பதற்கு எத்தனை நாள் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். மசோதா எழுதுகின்றவருக்குத் தெரியாது. 2016ஆம் வருஷத்துப் புனர்வாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு மூன்று லட்சம் என்று எழுதி வைத்தார்கள். கேட்பதற்கு இன்பமாகத்தான் இருக்கின்றது. ஆனால், உடனடி உதவியாக ஒரு சிறு தொகை போக, முழுத் தொகையும் முதலாளி கோர்ட்டில் தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது! கேஸ் எத்தனை வருஷம் நடக்கும், சாட்சி எப்படிக் கலையும் என்பது நாம் அறியாததா? அதுவரையில் அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? பசித்தவன் மறுபடியும் அதே மேஸ்திரியிடம்தான் முன்பணத்துக்குக் கை நீட்டுவான். இந்த ஒரு முடிச்சைப் பற்றிச் சூளையிலிருந்து வந்த ஒரு கிழவியைக் கேட்டிருந்தால், அவள் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள்.

பெண்கள் விஷயமும் இப்படியேதான். விபசாரத் தடைச் சட்டம் என்று 1956இல் ஒன்று செய்தார்கள். அதன்படி, "மீட்கப்பட்ட" பெண்ணை மாஜிஸ்திரேட் ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரையில் காப்பகத்தில் வைக்கும்படி உத்தரவு போடலாம். விற்றவன் ஜாமீனில் வெளியே உலாவ, விற்கப்பட்டவள் பூட்டிய வீட்டுக்குள் இருப்பதற்குப் பெயர் மீட்பா? வயது வந்த பெண்களை அவர்கள் இஷ்டத்திற்கு விரோதமாய் இவ்விதம் வைத்திருப்பதைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 2022ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. அவ்வளவு காலமும் அந்தப் பெண்களை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டால் பலன் உண்டா என்றால், உண்டு. டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு 2012 டிசம்பரில் ஏற்பட்ட வர்மா கமிட்டிக்குச் சுமார் 80,000 யோசனைகள் வந்தன. 29 நாளில் அறிக்கை தயாராயிற்று. அதன்மேல் 2013 பிப்ரவரியில் பிறந்த அவசரச் சட்டத்தில், விபசாரத்தையே சுரண்டல் என்று பொதுப்படையாய் எழுதிவிட்டார்கள். தன் இஷ்டத்தில் இருப்பவளும் விற்கப்பட்டவளும் ஒன்றாகிவிடுவார்களே, போலீசுக்கு இது மற்றொரு தடியாகிவிடுமே என்று சம்பந்தப்பட்ட பெண்களே எழுந்து கேட்டார்கள். தாங்கள் கருதியது கட்டாயத்திற்கு ஆளானவர்களைத்தான் என்று கமிட்டியாரே தெளிவுபடுத்தினார்கள். பின்னால் நிறைவேறிய சட்டத்தில் அவ்வார்த்தை இல்லை. ஆகவே, படித்த மேதாவிகள் கவனிக்காத ஒரு வார்த்தையின் விஷத்தை, அதைக் குடிக்க வேண்டியவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இனி, இதற்கு நேர் எதிரான மற்றொரு தந்திரத்தையும் நம் மக்கள் மறக்கக் கூடாது. கோவிலின் பேரால் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் 1930இல் சென்னைச் சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். அதையும் பொதுஜன அபிப்பிராயத்திற்கு விட்டார்கள். சாஸ்திரம் போச்சு, கலை போச்சு என்று வைதீகர்கள் அலறினார்கள். சட்டம் வந்தது எப்போது? 1947இல்! பதினேழு வருஷம். அன்று அபிப்பிராயத்தின் பேரால் இழுத்தடித்தார்கள்; இன்று அபிப்பிராயத்தின் பேரால் 14 நாளில் முடிக்கப் பார்த்தார்கள். இழுப்பதும் அவசரப்படுவதும் வேறு வேறாகத் தோன்றினாலும், இரண்டிலும் பாதிக்கப்பட்டவளின் வாய் மூடியே இருந்தது.

"அன்று தாசிகளில் சிலரே சட்டம் வேண்டாம் என்று விண்ணப்பம் போட்டார்களே, அதற்கென்ன சொல்லுகின்றீர்?" என்று கேட்கலாம். போட்டது உண்மைதான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த வழக்கத்தை உள்ளேயிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ப் போய் அதைக் கண்டித்ததும், 1936இல் "தாசிகள் மோசவலை" என்று புத்தகமே எழுதியதும் உண்மை. எதிர்த்தவர்களின் பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது: மானியமும் போய், மரியாதையும் போய், நடுத்தெருவில் நிற்க வேண்டுமே என்ற பயம். அதற்காகவே 1929இல் முதலில் ஒரு சட்டம் செய்து, கோவில் ஊழியத்திற்கென்று விட்டிருந்த மானிய நிலத்தை ஊழியமில்லாமலே அப்பெண்கள் அனுபவிக்க வழி செய்தார்கள். தடைக்கு முன் நிலம்! இந்தப் புத்தி இன்று எங்கே போயிற்று? 2021 மசோதா சில குற்றங்களுக்குத் தூக்கு வரையில் போயிற்று. விசாரணையை ஒருங்கிணைக்கத் தேசியப் புலனாய்வு முகமையைக் கொண்டு வந்தது. ஒருவனைத் தூக்கில் போடுவதால் மற்றொருவன் வீட்டில் அடுப்பு எரியுமா?

வாங்குகின்றவன் இருப்பதனால் மாத்திரம் மனிதன் விற்கப்படுவதில்லை. நிலமில்லை, கூலியில்லை, வைத்தியச் செலவுக்குக் கடன், பிணத்தைப் புதைக்கக் கடன் என்ற நிலையில் ஒரு கூட்டம் நிரந்தரமாய் வைக்கப்பட்டிருப்பதனாலேயே விற்கப்படுகின்றான். அக்கூட்டம் பெரும்பாலும் எந்த ஜாதியார் என்று சூளையில் போய்ப் பெயர் கேட்டுப் பாருங்கள். "அவன் தலையெழுத்து" என்று சொல்லிக் கொடுத்த மதமும், "அவன் வாங்கிய கடன்" என்று சொல்லும் முதலாளியும் கூட்டாளிகளே ஆவார்கள்.

ஆகவே, தோழர்களே! அடுத்த மசோதா வரும்போது நாம் கேட்க வேண்டியவை இவை. மசோதா தமிழில் வரவேண்டும். 30 நாளுக்குக் குறையக் கூடாது. சூளைப் பக்கத்திலும், ஆலை விடுதியிலும், காப்பகத்திலும், முதலாளியும் போலீசும் பக்கத்தில் இல்லாமல், வேலை முடிந்த நேரத்தில் கேட்க வேண்டும். யார் என்ன சொன்னார்கள், எதைத் தள்ளினார்கள், ஏன் தள்ளினார்கள் என்பதை அச்சிட்டுக் காட்ட வேண்டும். புனர்வாழ்வுப் பணம் எந்தக் கோர்ட்டுத் தீர்ப்புக்கும் காத்திருக்கக் கூடாது.

சர்க்கார் கேட்கும் வரையில் நாம் சும்மா இருக்க வேண்டுமென்பதும் இல்லை. ஊர்தோறும் கூட்டம் போடுங்கள். விடுதலையாகி வந்தவர்களை மேடையில் உட்கார வைத்து, நாம் கீழே உட்கார்ந்து கேட்போம். அவர்கள் சொல்லுவதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, அவர்கள் கைநாட்டோடு டில்லிக்கு அனுப்புவோம். பேரம் பேசி விலை போட்டபோதும் அவர்களை யாரும் கேட்கவில்லை; மீட்கச் சட்டம் எழுதும்போதும் கேட்காவிட்டால், அவர்களை மனிதர்களாய் நினைக்காத விஷயத்தில் விற்றவனுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை.