மாலைக்கண் காமெடி முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை: சினிமாவில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவதில் என்ன சிக்கல்?

1991-ல் வந்த 'சின்னத்தம்பி' படத்தில் கவுண்டமணிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. அதை ஊருக்குத் தெரியாமல் மறைக்கப் போய் அவர் படும் பாடுதான் காமெடி. 30 வருஷம் தாண்டியும் அந்தக் காட்சிகள் டிவி காமெடி நிகழ்ச்சிகளில் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

2023 நவம்பரில் 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் வெளியானது. அதிலும் மாலைக்கண்தான். இந்த முறை கதாநாயகிக்கு. குறையை மறைத்துக் கல்யாணத்தை முடிக்கப் பார்க்கிறது குடும்பம். ஆனால், இந்தக் காமெடி தியேட்டரோடு முடியவில்லை; உச்ச நீதிமன்றம் வரை போனது.

வழக்கு என்ன?

படத்தில் வரும் அப்பாவுக்கு மறதி நோய். ஒரு மகனுக்குக் காது கேட்காது, இன்னொரு மகனுக்குத் திக்குவாய். அப்பாவை 'மறதிக்கார அப்பா' என்றும், காது கேட்காதவரை 'சவுண்ட் ப்ரூஃப் சிஸ்டம்' என்றும், திக்கிப் பேசுபவரை 'சிக்கிக்கொண்ட கேசட்' என்றும் கிண்டல் செய்கிறார்கள் என்று புகார் எழுந்தது.

மாற்றுத்திறனாளியும் உரிமைச் செயற்பாட்டாளருமான நிபுண் மல்ஹோத்ரா வழக்குத் தொடர்ந்தார். டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் மனுவைத் தள்ளுபடி செய்தது. பிறகு உச்ச நீதிமன்றத்தில், அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஜே.பி.பர்திவாலா அமர்வு 2024 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்தது.

படத்துக்குத் தடை விதித்தார்களா?

இல்லை. தணிக்கை வாரியம் சான்றிதழ் கொடுத்த படத்தில் நீதிமன்றம் கை வைக்கவில்லை. காட்சியை வெட்டச் சொல்லவும் இல்லை. கருத்துச் சுதந்திரத்தை நீதிமன்றம் பெரிதாகவே மதித்தது. ஒரு படத்தில் இழிவான சொல் வருகிறது என்பதற்காக மட்டும் அதைத் தடுக்க முடியாது. படம் ஒட்டுமொத்தமாக என்ன சொல்ல வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றது.

ஆனால், ஏற்கெனவே ஓரங்கட்டப்பட்டவர்களை மேலும் கேலிப்பொருளாக்குவதும், தவறாகச் சித்தரிப்பதும் படைப்புச் சுதந்திரத்தில் சேராது என்றும் சொன்னது. அதோடு சில வழிகாட்டுதல்களையும் கொடுத்தது:

• 'நொண்டி' போன்ற இழிசொற்கள் ஒருவரின் மதிப்பையே குறைக்கின்றன, தவிர்க்க வேண்டும்.
• 'பாதிக்கப்பட்டவர்', 'அவதிப்படுபவர்' போன்ற சொற்கள், பிரச்னை முழுக்க அந்த ஆளிடம்தான் இருக்கிறது என்பது போலக் காட்டுகின்றன. சமூகம் போடும் தடைகளை மறைத்துவிடுகின்றன.
• ஒரு குறைபாட்டைக் காட்டும் முன், அதன் மருத்துவ உண்மையைச் சரிபார்க்க வேண்டும்.
• பார்வையில்லாதவர்களுக்கு மற்ற புலன்கள் அபாரமாக வேலை செய்யும் என்பது போன்ற கட்டுக்கதைகள் வேண்டாம்.
• 'எங்களைப் பற்றி, எங்களை விட்டுவிட்டுப் பேசாதீர்கள்' என்ற கொள்கைப்படி, மாற்றுத்திறனாளிகளையும் படைப்பிலும் ஆலோசனையிலும் சேர்க்க வேண்டும்.

'காமெடியை காமெடியா பார்க்க வேண்டியதுதானே?'

பலரும் கேட்கும் கேள்வி இது. இதற்குத்தான் தீர்ப்பு ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. குறைபாட்டைப் பற்றிய நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்க்கிறது. முதல் வகை அந்த வாழ்க்கையைப் புரியவைக்கிறது. இரண்டாவது வகை அவரைக் கீழே தள்ளிவிட்டுச் சிரிக்கிறது.

சக்கர நாற்காலியில் வருபவர், படிக்கட்டு மட்டுமே உள்ள ஓர் அரசு அலுவலகத்தைப் பார்த்து நக்கலடித்தால் அது முதல் வகை. அவர் படியேற முடியாமல் விழுவதையே ஜோக்காக்கினால் இரண்டாவது வகை. இரண்டிலும் சிரிப்பு வரலாம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

மாலைக்கண்ணையே எடுத்துக்கொள்வோம். வைட்டமின் ஏ குறைவால் வந்தால் சிகிச்சையில் சரிசெய்யலாம். அதனால்தான் 5 வயது வரை குழந்தைகளுக்கு அரசே வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கிறது. ஆனால், சிலருக்கு இது பரம்பரையாக வரும் விழித்திரை நோயின் முதல் அறிகுறி. நாளடைவில் பார்வையே சுருங்கிப் போகலாம். இதை வெறும் 'மறைக்க வேண்டிய ரகசியம்' என்று மட்டும் பார்த்துப் பழகிய குடும்பம், பிள்ளை இருட்டில் தடுமாறும்போது டாக்டரிடம் போகுமா, வெளியே சொல்லாதே என்று வாயை மூடுமா? காமெடிக்குப் பின்னால் இருக்கும் நிஜமான ஆபத்து இதுதான்.

தமிழ் சினிமா எப்படி?

பழைய அச்சுகள் சில உண்டு. ஒன்று காமெடி. இன்னொன்று பரிதாபம். மூன்றாவது வில்லத்தனம்: கூனி, சகுனி காலத்திலிருந்தே உடல் குறையை மனக் குறையோடு முடிச்சுப்போடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. நான்காவது, 'குணமானால்தான் சுபம்' என்ற முடிவு. 'பேரழகன்' (2004) படத்தில் பார்வையில்லாத நாயகிக்குப் பார்வை கிடைப்பது கதையின் முக்கியத் திருப்பம்.

மாற்றிச் சொன்ன படங்களும் இருக்கின்றன. 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்தில் ஊரே 'சப்பாணி' என்று கூப்பிடும் ஆளுக்கு, கோபாலகிருஷ்ணன் என்ற சொந்தப் பெயர் உண்டு என்பதை நினைவுபடுத்துகிறாள் மயில். 'மொழி' (2007) படத்தின் அர்ச்சனாவுக்குக் காது கேட்காது, பேச வராது. ஆனால் கோபம், பிடிவாதம், வேலை, நட்பு எல்லாம் உண்டு. கடைசி வரை அவருக்குக் 'குணமாவதில்லை'. கதைக்கு அது தேவைப்படவும் இல்லை.

இன்னொரு கேள்வி: நடிப்பது யார்? 'கோடா' என்ற அமெரிக்கப் படத்தில் நடித்த, காது கேளாத நடிகர் ட்ராய் காட்சர் 2022-ல் ஆஸ்கர் வென்றார். 2025-ல் வந்த ஆமிர் கானின் 'சிதாரே ஜமீன் பர்' படத்தில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ள 10 பேர் தாங்களே நடித்தார்கள். தமிழில் 'மொழி', 'குக்கூ' போன்ற நல்ல முயற்சிகளில்கூட முக்கிய வேடங்களில் நடித்தவர்கள் அந்தக் குறைபாடு இல்லாத நடிகர்கள்தான்.

இது எத்தனை பேரின் பிரச்னை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். அந்தக் கணக்கில் 8 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு?

2025 ஆகஸ்ட்டில், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்ததாகப் புகாருக்குள்ளான 5 காமெடி கலைஞர்களை, தங்கள் யூடியூப் உள்ளிட்ட தளங்களிலேயே மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். சினிமாவுக்காவது தணிக்கை வாரியம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் காட்சிகள் கூடாது என்று 1991-ம் ஆண்டு தணிக்கை விதிகளே சொல்கின்றன. யூடியூப், ரீல்ஸுக்கு அப்படி முன்கூட்டியே பார்த்துச் சான்றிதழ் கொடுப்பவர் யாரும் இல்லை.

'ஊனமுற்றோர்' என்று அரசு ஆவணங்களிலேயே எழுதிக்கொண்டிருந்த தமிழ்நாட்டில், இன்று 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் சாதாரணப் பேச்சுக்கே வந்துவிட்டது. சொல் மாறிவிட்டது. படத்தில் வரும் பட்டப்பெயர் அடுத்த திங்கட்கிழமை ஏதோ ஒரு பள்ளி மாணவன் மேல் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் மாறவில்லை. நீதிமன்றம் அதைத் தடுக்க முடியாது. எழுதுபவரும், அதைப் பார்த்து ஃபார்வர்டு செய்யும் நாமும்தான் தடுக்க முடியும்.