சேர்ந்த தேதி

நெய்வேலிக்காரர்கள் இரண்டு பேர் எந்த ஊரில் எதிர்ப்பட்டாலும், ஊர் தெரிந்த கையோடு வரும் கேள்வி "எந்த பிளாக்?" அடுத்தது "என்ன டைப்?" அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. அப்பா என்ன வேலை பார்த்தார், எத்தனை வருஷ சர்வீஸ், வீட்டில் எத்தனை அறை, பின்னால் முருங்கை வைக்க இடம் இருந்ததா என்பது வரைக்கும் அந்த இரண்டு பதிலிலேயே வந்துவிடும். கடித உறையில் 'வட்டம்' என்று எழுதுவோம். வாயால் யாரும் வட்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா 1974இல் சுரங்கத்தில் சேர்ந்தார். வீடு கிடைத்தது 1980இல். நடுவில் ஆறு வருஷம் மந்தாரக்குப்பத்தில் ஒரு கூரை வீட்டில் வாடகை. இந்த ஆறில் ஒரு வருஷம் அவரே வாங்கிக்கொண்டது. கல்யாணம் ஆகாத ஆளுக்கு வீடு எதற்கு என்று விண்ணப்பமே போடாமல் இருந்திருக்கிறார். அவருக்கு மூன்று மாதம் ஜூனியரான சிநேகிதர் சேர்ந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். சீனியாரிட்டி பட்டியலில் சேர்ந்த தேதிதான் பேசும், ஆனால் விண்ணப்பம் போட்டவனுக்குத்தான் பேசும் என்பது அப்பாவுக்குத் தாமதமாகப் புரிந்த பாடம். அம்மா இதைச் சாகும்வரை மன்னிக்கவில்லை. கறிக்குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அப்பா சொன்னால்கூட, "ஒரு வருஷம் பேப்பர் போடாம இருந்தவருக்கு நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது" என்பாள்.

காலை ஷிப்ட் முடிந்து வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி, பலகையில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துவிட்டு வருவாராம். "ஏங்க, நம்ம பேரு எங்க நிக்குது?" என்று அம்மா கேட்பாள். பேர் 'நிற்கிறது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஏதோ ரேஷன் கடை வரிசையில் நிற்பதைப் போல. புதிதாக ஒரு தெரு கட்டி முடித்தால் பட்டியல் நகரும். யாராவது ஓய்வு பெற்றால் ஒன்றிரண்டு நகரும். ஆள் செத்தாலும் நகரும், அதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஒரு நிறுவனம் தொழிலாளிக்கு வீடு கட்டித் தருவது நெய்வேலி கண்டுபிடித்த வழக்கமல்ல. தொழிலாளர் குடியிருப்புக்கு மானியமும் கடனும் தரும் திட்டத்தை மத்திய அரசு 1952இலேயே கொண்டுவந்தது. ஆனால் நெய்வேலியில் அது தவிர்க்கவே முடியாத காரியம். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்று தொடங்கும் கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு மாதிரி. 1956இல் நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே குழி நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஆள் கூப்பிடும் தூரத்தில் குடியிருந்தாக வேண்டும். முந்திரியும் பலாவும் நின்ற செம்மண் காட்டில் அகலமான சாலைகளும் கட்டம் கட்டமாக பிளாக்குகளும் எழுந்த கதை இது. 2011 கணக்கெடுப்பில் நகரியத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை பேர் இருந்த ஊரில் சொந்த வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை. இது எவ்வளவு விசித்திரம் என்பது அங்கே வளரும்போது தெரியாது. பள்ளியில் எந்தப் படிவம் கொடுத்தாலும் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். அப்பா பண்ருட்டிப் பக்கம் எங்கள் கிராமத்தின் பேரை எழுதச் சொல்வார். அங்கே எங்களுக்கு இருந்தது சித்தப்பா வீட்டுத் திண்ணை மட்டும்தான்.

நாங்கள் கட்டியது வாடகையும் அல்ல. சட்டத்தின் கண்ணில் அது உரிமக் கட்டணம். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற பக்கத்தில் ஒரு சின்னத் தொகையாக உட்கார்ந்திருக்கும். பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. வாடகைதாரன் நீதிமன்றம் போய் வருஷக்கணக்கில் வாய்தா வாங்கலாம். உரிமம் பெற்றவன் குடியிருப்பது வேலை இருக்கும்வரை மட்டும்தான். அதற்குப் பிறகும் இருந்தால், 1971ஆம் வருஷத்துப் பொது வளாகச் சட்டத்தின்படி 'அனுமதியின்றிக் குடியிருப்பவர்'. விசாரித்து வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் எஸ்டேட் அதிகாரியிடமே இருக்கிறது. முப்பது வருஷம் பொங்கல் வைத்த அடுப்படியில் ஒரு தேதி மாறியதும் நாம் அத்துமீறியவர் ஆகிவிடுவோம்.

அந்தச் சின்னத் தொகையிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. குவார்ட்டர்ஸ் எடுத்தவருக்கு வீட்டு வாடகைப் படி கிடையாது. படி அடிப்படைச் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம், ஆகவே சம்பளம் ஏற ஏற இழக்கும் படியும் ஏறும். உண்மையான வாடகை பிடித்தமும் இழந்த படியும் சேர்ந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொள்ளை மலிவாக இருக்கும் அதே இரண்டு அறை, ஓய்வு நெருங்கும்போது அவ்வளவு மலிவில்லை. வடலூரிலும் வடக்குத்திலும் மனை வாங்கிப்போட்ட கெட்டிக்காரர்கள் இதைக் கூட்டிப் பார்த்துத்தான் ஐம்பது வயதில் வெளியே போனார்கள். அப்பாவும் ஒருமுறை காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தார். "தண்ணி, கரண்டு, ஆஸ்பத்திரி, புள்ளைங்க ஸ்கூலு, இதையெல்லாம் எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?" என்று அம்மா கேட்டாள். காலண்டர் தாள் அடுப்புக்குப் போயிற்று.

அந்தச் சீனியாரிட்டிப் பட்டியலைப் பற்றி எனக்கு யோசனை வந்தது நெய்வேலியை விட்டு வெளியே போன பிறகுதான். சிங்கப்பூரில் 1960இல் தொடங்கிய வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் வாடகை வீட்டுக்கு வருமான வரம்பு வைத்தது. குடும்பத்தின் மாத வருமானம் 1,500 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் அங்கே விதி. அமெரிக்காவில் வாடகை உதவிச் சீட்டு என்று ஒன்று உண்டு. குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தைக் கொடுத்தால் மிச்சத்தை வீட்டுவசதி ஆணையம் வீட்டுக்காரருக்குக் கட்டும். பல ஊர்களில் அதற்கான பட்டியல் சில நாட்களே திறந்திருக்கும், பிறகு குலுக்கல். வியன்னாவில் நகராட்சி வீட்டுக்குள் நுழையும்போது வருமானம் பார்ப்பார்கள், அப்புறம் சம்பளம் கூடினாலும் வெளியே போகச் சொல்வதில்லை. ஊருக்கு ஊர் விதி வேறு. ஆனாலும் எல்லாப் படிவமும் முதலில் கேட்பது, உன்னிடம் எவ்வளவு இல்லை என்பதைத்தான்.

நாங்கள் நிரப்பிய படிவம் அதைக் கேட்கவில்லை. அது கேட்டது சேர்ந்த தேதியையும் சம்பள நிலையையும். சம்பளம் கூடினால் டைப் கூடும். அப்பாவுக்கு இரண்டு அறை, நாங்கள் ஐந்து பேர், அதோடு மாதத்துக்கு ஒரு விருந்தாளி. பெரிய டைப்பில் பிள்ளைகள் வெளியூரில் படிக்க, கணவனும் மனைவியும் மட்டும் இருந்த வீடுகளை எனக்குத் தெரியும், மாம்பழம் பொறுக்கப் போயிருக்கிறேன். இது நெய்வேலிக்கு மட்டும் உரிய குறை அல்ல. பிலாயிலும் ரயில்வே காலனியிலும் தலைமைச் செயலகத்து ஊழியர் கனவு காணும் தாடண்டர் நகரிலும் பதவிக்குத் தக்க அறைதான். வேலையின் ஓர் அங்கமாக வீடு வந்தால் அது வேலையின் ஏணியைத்தான் பின்பற்றும். தேவையை அது அளக்காது. அதே சமயம் எனக்கு அந்தத் தேதியின் மேல் ஒரு மரியாதையும் உண்டு. தேதியிடம் சிபாரிசு செல்லாது. ஏழை என்று நிரூபிக்க எந்த மேசைக்கும் முன்னால் அப்பா கைகட்டி நிற்கவில்லை. அது சின்ன விஷயமல்ல.

ஆனால் சேர்ந்த தேதியே இல்லாதவர் என்ன செய்வார்? மந்தாரக்குப்பத்தில் எங்கள் அடுத்த கூரை வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். நாங்கள் பிளாக்குக்குக் குடிபோனபோது சாமான் ஏற்றியவர் அவர்தான். அப்பா இறங்கிய அதே குழியில் காண்ட்ராக்டில் இறங்கினார், அதே சிவப்புத் தூசி, அதே சங்கு. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அவருக்கு ஒரு புதுச் சேர்ந்த தேதி பிறக்கும். பத்து தேதி உள்ளவனுக்கும் தேதியே இல்லாதவனுக்கும் சீனியாரிட்டியில் வித்தியாசம் இல்லை. அவருடைய மாமனார் வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போனது வேறு கதை. அவர் அதைச் சொல்லும்போது கையால் குழியின் பக்கம் காட்டுவார், "அங்க, அந்த பக்கெட் வீல் நிக்குது பாரு, அதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று. 2010இலும் 2014இலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தம் செய்தபோது கோஷம் நிரந்தரம் பற்றியும் சம்பளம் பற்றியும் இருந்தது. நிரந்தரம் என்ற சொல்லுக்குள் ஒரு வீடும் அடங்கியிருந்தது என்பது பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அப்பா 2008இல் ஓய்வு பெற்றார். வீட்டை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் காணாமல்போன ஒரு தாழ்ப்பாளை மெயின் பஜாரில் காசு கொடுத்து வாங்கி வந்து மாட்டினார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா வைத்த பலாவைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வாரிக்கொண்டு போனபோது அதுவும் விழுந்தது என்று பழைய பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். "யாரு வீட்டு மேலயும் விழலையே?" என்று மட்டும் கேட்டாள்.

போன ஜூலையில் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அந்த மந்தாரக்குப்பத்து அண்ணனின் மகன் ஆர்ச்கேட் வரை வந்து கூட்டிப்போனான். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் பங்குத்தொகை கட்டி ஒரு வீடு வாங்க எழுதிப்போடப் போகிறானாம். வாடகை கொடுத்து அலுத்துவிட்டதாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். ஆதார் எண். குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள்தானா. இந்தியாவில் எங்கேயாவது சொந்த வீடு உண்டா. அவன் அதில் 'இல்லை' என்று எழுதினான், அழுத்தி எழுதியதில் பேனா அடுத்த தாளிலும் பதிந்தது. பிறகு பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினான்.

"அப்பாவுக்கு இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ்ணா. அத எங்க எழுதறது?"

அதற்குக் கட்டம் இல்லையப்பா என்றேன். சரிண்ணா என்று வருமானச் சான்றிதழின் எண்ணை எழுத ஆரம்பித்தான்.