அருங்காட்சியகத்துக்கும் சாயரட்சை வேண்டும்

சென்னையில் சொந்தக்காரர் இருக்கிற வெளியூர்க் குடும்பங்கள் ஊர் பார்க்க வருவது மே மாதத்தில்தான். முழுப்பரீட்சை முடிந்திருக்கும், கத்திரி தொடங்கியிருக்கும். அந்த வெயிலில் ஒரு குழந்தையையோ வயதானவரையோ கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகத் தோதான நேரம் காலை ஒன்பதுக்கு முன்னால், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்குப் பின்னால். நாம் காட்ட ஆசைப்படும் இடங்களோ இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திறந்திருக்கின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் ஒன்பதரைக்குத் திறந்து ஐந்துக்கு மூடுகிறது. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வண்டலூருக்கும் பகல்தான் கணக்கு. மே மாதத்துக்கு மட்டுமாவது இந்த நேரத்தை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

நான் குரோம்பேட்டைவாசி. ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பிறந்தது தென்காசிப் பக்கம். கோடை பிறந்தால் அண்ணன், மதினி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்குவார்கள். மதினியின் தங்கை குடும்பமும் சேர்ந்துகொள்வதுண்டு. கட்டைப்பை நிறைய புளியங்குடி எலுமிச்சம்பழம், கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய் வரும். அவர்கள் வராத கோடையில் வீடு வெறிச்சென்று கிடக்கும், அதனால் இது விருந்தாளிகளைப் பற்றிய புகார் இல்லை. பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே மருமகன் கேட்டுவிடுவான்: "அத்தே, இன்னைக்கு எங்கே?"

பதில் சொல்லக் கிழமை பார்த்தாக வேண்டும். வெள்ளி என்றால் எழும்பூரும் இல்லை, கோட்டை அருங்காட்சியகமும் இல்லை. செவ்வாய் என்றால் வண்டலூரும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் இல்லை. திங்களன்று மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏற முடியாது. ராகுகாலம், எமகண்டம் பார்ப்பதைவிட இது கஷ்டம் என்பதால் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். வார விடுமுறையை நான் குறை சொல்லவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கும் விருந்தாளி வந்திருப்பார்கள். என் வழக்கெல்லாம் அந்த ஐந்து மணியோடுதான்.

ஐந்துக்கு மூடும் இடத்தைப் பார்க்கப் பத்துக்குள் கிளம்ப வேண்டும். பத்துக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாடு வெளியேதான். எட்டு ஒன்பது பேர் ஏசி ஓட்டலில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லாவுக்கு முன்னால் அண்ணனும் என் வீட்டுக்காரரும் "நான் கொடுக்கேன், நான் கொடுக்கேன்" என்று மல்லுக்கட்டுவார்கள். யார் ஜெயித்தாலும் போகிற பணம் போனதுதான். அதனால் கட்டுச்சோறு. கட்டுச்சோறு என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு. காலைப் பலகாரத்துக்கு இட்லி ஒரு பக்கம் வேகும். புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் இன்னொரு பக்கம் கொதிக்கும். தயிர்சாதத்துக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் மே மாதத்தில் உச்சிக்குள் புளித்துப் பொங்கிவிடும். இதற்கு நடுவே மோட்டார் போட வேண்டும், குளியலறை வரிசையைக் கவனிக்க வேண்டும். மதினி ஊரில் செய்கிற வேலையைத்தான் இங்கேயும் வந்து செய்கிறாள், கூடுதலாக எங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஜன்னலும் சின்னது. இடம் திறக்கும் நேரத்தை எங்கோ ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது. அதற்கு விலை கொடுப்பது அடுப்படியில் நிற்கிறவர்கள்.

மாலையில் திறந்திருந்தால் இதெல்லாம் வேண்டாம். மதியம் வீட்டிலேயே சொதி வைத்து, ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே ஒரு தூக்கம். நான்கு மணிக்கு மேல் மின்சார ரயில். பார்த்து முடித்துவிட்டு ராத்திரிக்கு டிபன் வெளியே. அலுவலகம் விட்டு நானும் நேரே போய்ச் சேர்ந்துகொள்வேன். இப்போதோ ஞாயிறு தவிர மற்ற நாட்களில் என் மகன் அவர்களைக் கூட்டிப்போகிறான். நான் சோறு கட்டிக் கொடுப்பதோடு சரி.

எழும்பூரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது ஊர்ப் பாசம். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. திருவாலங்காட்டு நடராசரும் அமராவதிச் சிற்பங்களும் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவற்றைவிடத் திமிங்கல எலும்புக்கூடு பிடிக்கும், பிடிக்கட்டும். ஆனால் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் அங்கே பார்க்க வேண்டியது ஆதிச்சநல்லூர்ப் பொருட்களை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுத்தவற்றில் பல இங்கே வந்து சேர்ந்தன. திருச்செந்தூருக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்த பறம்புதான் அது. அந்த மண்ணிலிருந்து வந்த இரும்பையும் வெண்கலத்தையும் 600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வந்து பார்க்கிறாள். பார்க்கிற நேரம் உச்சி வெயில். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடந்து முடிப்பதற்குள் கண்ணாடிப் பெட்டியை விட்டுவிட்டு உட்கார இடம் தேட ஆரம்பித்துவிடுவாள். இதே அம்மா, இதே பெட்டி, மாலை ஆறு மணி என்றால் அவள் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்லி மாளாது.

இந்தச் சீதோஷ்ணத்துக்கு எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று நம்மூரில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் விடியலில் நடை திறந்து, உச்சிக்காலம் முடிந்ததும் சாத்தி, நான்கு மணிவாக்கில் மறுபடியும் திறப்பார்கள். சாயரட்சைக்குத்தான் கூட்டம் சேரும். திருவல்லிக்கேணியிலும் அப்படியே. எங்கள் விருந்தாளிகளுக்கு வாய்க்கும் மிக நல்ல மாலை எப்போதும் திருவல்லிக்கேணி மாலைதான். பார்த்தசாரதியைச் சேவித்துவிட்டு ரத்னா கபேயில் சாம்பார் இட்லி. இட்லி முங்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். மருமகன் அது போதாமல் இன்னொரு முறை கேட்பான். அப்படியே நடந்தால் கடற்கரை. யாரும் வாடுவதில்லை, யாரும் யாரிடமும் எரிந்து விழுவதில்லை.

கோயிலை விட்டால் மாலையில் திறந்திருப்பவை கடையும் கடலும். ரங்கநாதன் தெரு வியாபாரிகளுக்கு வெளியூர்க்காரர்கள் எப்போது வருவார்கள் என்று நன்றாகத் தெரியும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்கும் மதினிக்கும் டிக்கெட் காசு கிடையாது. மிச்சமான காசு தி.நகரில் நைட்டியாகவும் எவர்சில்வராகவும் மாறிவிடும். வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னை போய் என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஜவுளிக்கடையின் நகரும் படிக்கட்டைச் சொல்வதில்தான் ஆட்சேபம்.

கடற்கரைக்குக் கதவில்லை என்பதால் ஊரே அங்கே வருகிறது. மெரினாவில் அலை ஆளை இழுக்கும். விசில் ஊதி ஊதிப் போலீஸ்காரர்களுக்கு வாய் வலிக்கும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் மட்டும் கடலைப் பார்க்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். சமாதிக்குப் போயே ஆக வேண்டும். கல்லில் காதை வைத்து, கைக்கடிகாரச் சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்வாள். எங்களில் ஒருவருக்கும் கேட்டதில்லை. அரசு நடத்துகிற தீவுத்திடல் பொருட்காட்சி மாலைக்கென்றே அமைந்தது. ஆனால் அது தொடங்குவது பொங்கலை ஒட்டி. பள்ளி விடும் நேரத்தில் பெரும்பாலும் பந்தலைப் பிரித்திருப்பார்கள்.

பகலில் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது, குளிர்சாதனம் உண்டு, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அல்லது திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து மெட்ரோவில் ஏறி, விம்கோ நகர் வரை போய்த் திரும்புங்கள். அம்மா அந்தக் குளிருக்காகவே இன்னொரு தடவை போகலாம் என்பாள்.

ஆள் பற்றாக்குறை, மின்சாரச் செலவு, பாதுகாப்பு என்று சொல்வார்கள். கணக்கு எழுதுகிறவள் என்பதால் கூட்டிப் பார்த்தேன். ஒன்பதரை முதல் ஐந்து வரை ஏழரை மணி நேரம். ஒன்பதரை முதல் ஒன்று வரையும், நாலரை முதல் எட்டரை வரையும் திறந்தாலும் அதே ஏழரை. இரண்டு பாதியாக வேலைக்கு வருவது ஊழியர்களுக்குத் தொல்லை என்றால் ஒன்றிலிருந்து எட்டரை வரை வைக்கட்டும், அதுவும் ஏழரைதான். இருட்டினால் காவல் கடினம் என்பதும் எடுபடாது. டெல்லி ஹுமாயூன் கல்லறை, பீஜப்பூர் கோல் கும்பஸ் உட்பட பத்து இடங்களை இரவு ஒன்பது வரை திறந்துவைக்க 2019-லேயே மத்தியத் தொல்லியல் துறை முடிவெடுத்தது. அவை திறந்தவெளி வளாகங்கள். எழும்பூரில் பூட்டக்கூடிய கூடங்கள் இருக்கின்றன, எட்டிய தூரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது.

வண்டலூர் விஷயம் வேறு. மிருகங்களுக்கும் ராத்திரி வேண்டும். அவற்றின் தூக்கத்தைக் கெடுத்து எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றும் பார்க்க வேண்டாம். அங்கே கோடையில் காலை ஏழு மணிக்குத் திறந்தால் போதும். புலியும் நிழலில் ஒடுங்குவதற்கு முன்னால் கண்ணில் படும், நாங்களும் பதினொன்றுக்குள் வீடு திரும்பிவிடுவோம்.

எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. வருகிற மே மாதத்தில் எழும்பூரில் மட்டும், சனியும் ஞாயிறும் மட்டும், இரவு எட்டரை வரை விளக்கை எரியவிட்டுப் பார்க்கட்டும். கூட்டம் வராவிட்டால் பழைய நேரத்துக்கே திரும்பிக்கொள்ளட்டும். உங்கள் வீட்டுக்கும் கோடையில் ஊரிலிருந்து ஆள் வருவார்கள் என்றால், அருங்காட்சியகங்கள் துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள். நான் எழுதிவிட்டேன்.