தேர் யாருடையது?

புதுச்சேரி நோணாங்குப்பம் பாலத்துக்குப் பக்கத்தில், சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தும் டீக்கடையில் போன ஞாயிற்றுக்கிழமை பெரிய வாக்குவாதம். வாதாடிய இரண்டு பேருமே சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ரசிகர்கள்தான். ஒரு தம்பி போட்டிருந்த நீலச் சட்டையின் முதுகில் ‘தாப்பா’ என்ற பெயர், பாதி எழுத்து உரிந்து கிடந்தது. 2016-ல் சின்னப் பையனாக வந்து கேப்டன் வரைக்கும் உயர்ந்த அனிருத் தாப்பா, 2023-ல் மோகன் பகானுக்குப் போய்விட்டார்.

“அவரை விட்டதுதாண்ணே முதல் தப்பு. வளர்த்து வளர்த்துக் கல்கத்தாவுக்கு அனுப்புறதுக்கா கிளப் நடத்துறாங்க?” என்றார் அந்தத் தம்பி.

“நஷ்டத்துல ஓடுற கிளப்பை வேற யாருடா நடத்துவான்? அபிஷேக் பச்சன், வீட்டா தானி, தோனி மூணு பேரும் 2014-ல பணம் போடலைன்னா இந்தச் சட்டையே உனக்குக் கிடையாது” என்றார் எதிரில் இருந்தவர்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 2015-ல் ஒரு லீக் கோப்பை, 2017-18-ல் இன்னொன்று. 2018 மார்ச் 17 இரவு, பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்றபோது, மெய்ல்சன் ஆல்வெஸ் போட்ட இரண்டு கோலுக்கும் இதே கடையில் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அந்த அணியில் வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தார். உரிமையாளர்கள் போட்ட பணம் இல்லாமல் அந்த இரவு வந்திருக்காது.

ஆனால் 2025 ஆகஸ்டில் நடந்ததை மறக்க முடியவில்லை. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் சென்னையின் ஆடும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது. ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் ஒப்பந்தம் அது. அடுத்து என்ன என்பதை யாரும் முடிவு செய்யாததால் லீக்கே நின்றது. முதல் அணியின் வேலைகளை நிறுத்திவைப்பதாகச் சென்னையின் அறிவித்தது. இசிஆர் வழியாகச் சென்னைக்கு மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், ஆட்டம் பார்த்து, விடியற்காலையில் ஊர் திரும்பும் எங்கள் பையன்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2026 பிப்ரவரியில் ஒரே சுற்றாகச் சுருக்கி லீக்கைத் தொடங்கினார்கள். அப்போதும் கேட்கவில்லை.

அதே ஆகஸ்டில்தான் பக்கத்து வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது அங்கே வழக்கம். கவர்னருக்கு மாலை, மரியாதை எல்லாம் உண்டு. அவர் போன பிறகு தேரை வீதி சுற்றி இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் ஊர்க்காரர்கள். எத்தனையோ கவர்னர்கள் மாறிவிட்டார்கள். கவர்னர் இந்த வருஷம் வரவில்லை, அதனால் தேர் ஓடாது என்று எவரும் சொன்னதில்லை.

ஆனால் கிளப் என்ற தேரில் அந்த ஊர்க்காரர் இடம் யாருக்கும் இல்லை. அதன் விலை என்ன என்பதைக் கோவை பார்த்துவிட்டது. 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில், முதலில் கோல் வாங்கிவிட்டு மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா அன்று இரண்டு கோல் அடித்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அந்த அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகப் பிறந்தது சென்னை சிட்டி. 2021-ல் ஐ-லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. கோப்பை கண்ட ஊரில் இரண்டே வருஷத்தில் பார்க்க ஆட்டம் இல்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு போர்தோ அணி என்றால் உயிர். “ஆறு தடவை பிரான்ஸ் சாம்பியன்ப்பா. அமெரிக்கக் கம்பெனி வாங்குச்சு, அப்புறம் இன்னொருத்தர் வாங்கினார். 2024-ல நாலாவது டிவிஷனுக்குப் போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. ஜெர்மனியில் 50+1 என்று ஒரு விதி. யார் எவ்வளவு பணம் போட்டாலும், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, கிளப்பில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்களான ரசிகர்கள் கையில்தான். அதை அப்படியே இங்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அங்கே உறுப்பினர் சங்கமாகவே பிறந்த கிளப்புகள் அவை. இங்கே தொடங்கும்போதே கம்பெனி. ஆனால் மூன்று விஷயம் இன்றே செய்யலாம். நிர்வாகக் கூட்டத்தில் ரசிகர்கள் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு நாற்காலி. பெயர், நிறம், ஊர் மூன்றையும் ரசிகர்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்ற ஷரத்து. வீரரை வாங்கும் பணத்தில் ஒரு பங்கு, வியாசர்பாடி முதல் உப்பளம் வரை பிள்ளைகள் ஆடும் மைதானங்களுக்கு. தாப்பா போனதற்குப் பதில், அடுத்த தாப்பாவை நம் தெருவில் தேடுவதுதான்.

பணம் போட்டவர்களுக்கு மரியாதை குறையக் கூடாது. அவர்கள் நஷ்டம் உண்மையான நஷ்டம். அதனால்தான் அவர்கள் களைத்துப்போகும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

அன்று இருட்டும் முன் அந்தத் தம்பி கடைக்காரரிடம் ஒரு நோட்டு வாங்கி, இந்த மூன்றையும் தமிழில் எழுதினார். அவரோடு சண்டை போட்டவர்தான் முதல் கையெழுத்து. அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது கிளப் ஆபீஸில் கொடுக்கிறார்கள். சொல்தாவும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதே பஸ்ஸில் நானும் போகிறேன்.